எனக்கு அரிக்கவில்லை, அதனால் நான் பூசவில்லை

சிரங்கு என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல எங்கள் வீட்டுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் பிடித்தது. அதுவரை அதற்கு நாங்கள் வைத்த பெயர்கள் பல. அலர்ஜி, சூட்டுக் கொப்புளம், கொசுக்கடி, புது சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை. எந்தப் பெயருக்கும் அது அடங்கவில்லை. சரியான பெயரைச் சொன்ன பிறகும்கூட ஒரு முறை தோற்றோம். தோற்றதற்குக் காரணம் நான். அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் தொடங்கியது மகளுக்கு. அப்போது அவளுக்கு 8 வயது. பகலில் ஒன்றும் தெரியாது, பள்ளிக்குப் போவாள், விளையாடுவாள். விளக்கை அணைத்துப் போர்வைக்குள் புகுந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும், 'கரக் கரக்' என்று சத்தம் வரும். தூக்கத்திலேயே சொறிந்துகொண்டிருப்பாள். கையைப் பிடித்து நிறுத்தினால் காலால் காலைத் தேய்ப்பாள். விரலிடுக்கில் கடுகளவு கொப்புளங்கள் நாலைந்து, மணிக்கட்டில் சில, இடுப்பில் உடை இறுக்கும் இடத்தில் ஒரு வரிசை. அவ்வளவுதான். பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லாத மாதிரிதான் இருந்தது.

பொது மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். பகல் வெளிச்சத்தில், சொறியாமல் சமர்த்தாக உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்து, அலர்ஜி மாதிரி இருக்கிறது என்று அரிப்புக்கு ஒரு சிரப் எழுதிக்கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஆனால் நானும் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ராத்திரியில்தான் அரிக்கிறது என்பதை நான் சொல்லவே இல்லை. சிரப் குடித்தால் தூக்கம் வந்தது, தூக்கத்தில் சொறிவதும் நிற்காமல் வந்தது.

அதற்கடுத்து நான் செய்ததுதான் முதல் பெரிய தப்பு. அலமாரியில் பழைய களிம்பு ட்யூப் ஒன்று கிடந்தது. எப்போதோ யாருக்கோ எதற்கோ வாங்கியது. அதைப் பூசினேன். இரண்டே நாளில் சிவப்பு அடங்கியது, அரிப்பு குறைந்தது. 'பார்த்தியா, இதுக்குப் போய் டாக்டரா?' என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்ன நினைவு இருக்கிறது. அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. ஸ்டீராய்டு பூச்சியைக் கொல்லாது, பூச்சிக்கு எதிராக உடம்பு எழுப்பும் கூச்சலைத்தான் அடக்கும். கூச்சல் அடங்கிய வீட்டில் திருடன் நிம்மதியாக இருப்பான். பத்து நாளில் கொப்புளங்கள் தொடை, வயிறு, அக்குள் என்று பரவின. போதாக்குறைக்கு, சிரங்கு மாதிரியே தெரியாத அளவுக்கு அவற்றின் உருவமும் மாறிப்போயிருந்தது. பின்னால் பார்த்த தோல் மருத்துவர் முதலில் கேட்டதே, 'வீட்டிலேயே ஏதாவது களிம்பு போட்டீங்களா?' என்றுதான்.

இதற்கிடையில் ஒன்றரை வயது மகனுக்கு உள்ளங்காலில் சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள். நடக்கும்போது காலை உதறுவான். ராத்திரி காரணமில்லாமல் அழுவான், பால் குடிக்காமல் சிணுங்குவான். பல் முளைக்கிறது என்று நினைத்தோம். அதற்கு ஒரு வாரம் கழித்து மனைவிக்கு. அவள் என்னிடம்கூட உடனே சொல்லவில்லை. மார்பிலும் இடுப்புக்குக் கீழும் அரிப்பதை யாரிடம் சொல்வது? குளியலறையில் அதிக நேரம் இருக்க ஆரம்பித்தாள். நான் அதையும் கவனிக்கவில்லை.

தோல் மருத்துவரிடம் போன அன்று அவர் இரண்டே கேள்வி கேட்டார். 'ராத்திரியில் அதிகமா?' 'வீட்டில் வேற யாருக்காவது இருக்கா?' மனைவி தலையைக் குனிந்துகொண்டு 'எனக்கும்தான்' என்றாள். அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது.

மகளின் விரலிடுக்கில் ஒளிவிடும் சிறு உருப்பெருக்கி ஒன்றை வைத்து மருத்துவர் சில நொடி பார்த்தார். பிறகு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். மெல்லிய வெண்கோடு ஒன்று வளைந்து வளைந்து போகிறது. அதன் நுனியில் பழுப்பு நிறத்தில் குட்டி முக்கோணம். வானத்தில் ஜெட் விமானம் வெள்ளைப் புகை விட்டுப் போகுமே, அதே மாதிரி. 'கோடு அது தோண்டின சுரங்கம். முக்கோணம் அதோட முன்பக்கம். சிரங்குப் பூச்சி.'

பூச்சி என்று சொல்கிறோமே தவிர அது எட்டுக் கால் உள்ள சிற்றுண்ணி வகை. பெண் பூச்சிக்கே அரை மில்லிமீட்டர் நீளம் கிடையாது, 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர்தான். கூர்ந்து பார்த்தால் ஒரு புள்ளி, அவ்வளவே. தோலின் மேலடுக்கைத் துளைத்துக்கொண்டு போய் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முட்டை இடும். முட்டை மூன்று நான்கு நாளில் பொரியும். குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிடத் தயாராக ஏறக்குறைய இரண்டு வாரம். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எனக்கு ஆச்சரியமாக இருந்த விஷயம் வேறு. இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்யும் நோயில் ஒருவர் உடம்பில் இருப்பது பொதுவாகப் பத்துப் பதினைந்து பூச்சிகள்தானாம். ஆயிரக்கணக்கில் ஊர்வது போல உடம்பெல்லாம் எரிகிறதே என்றால், அது பூச்சி கடிப்பதால் வரும் அரிப்பு இல்லை. அதன் உடம்பு, முட்டை, கழிவு எல்லாவற்றுக்கும் நம் தோல் காட்டும் ஒவ்வாமை. அந்த ஒவ்வாமை உருவாக முதல் தடவை நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை பூச்சி உடம்பில் இருக்கும், பெருகும், பக்கத்தில் படுப்பவருக்குத் தொற்றும். நமக்கு மட்டும் ஒன்றுமே தெரியாது.

மருத்துவர் இதைச் சொல்லிவிட்டு, 'அரிக்குதோ இல்லையோ, வீட்டில் இருக்கிற எல்லாரும் ஒரே ராத்திரியில் பூசணும்' என்றார். எல்லாருக்கும் சேர்த்தே மருந்து எழுதினார். பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீம். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து மனைவியும் பிள்ளைகளும் பூசிக்கொண்டார்கள். எங்களோடு இருக்கும் அத்தை, 'எனக்கு எதுக்குப்பா, நான் தினம் ரெண்டு வேளை குளிக்கிறேன்' என்றார். அவரை வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. நான்? எனக்கு அரிக்கவில்லை. ஆறு வாரக் கணக்கை அன்று காலையில்தான் காது குளிரக் கேட்டிருந்தேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு எண்ணம், எனக்கெல்லாம் வராது என்று. சிரங்கு அழுக்கர்களுக்கு வருவது என்ற பழைய நினைப்பின் இன்னொரு முகம்தான் அது. மனைவிக்கும் பிள்ளைக்கும் வந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகும் நான் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை என்று நம்பினேன்.

அதற்குப் பதிலாக நான் என்ன செய்தேன் தெரியுமா? துவைத்தேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை, கால்மிதி, பொம்மைகள், சோபா உறை, மழைக்கோட்டுகூட. சுவரைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்தேன். மெத்தையில் பூச்சிக்கொல்லி அடிக்கப் போனவனை மனைவி தடுத்தாள் (நல்லவேளை, பிள்ளைகள் படுக்கும் இடத்தில் அந்த நஞ்சு தேவையே இல்லை). இரண்டு நாள் விடுப்பு எடுத்து வீட்டையே வெளுத்தேன். வீட்டில் பூச்சி இருந்து நான் தொடாமல் விட்ட ஒரே இடம் என் தோல்.

பத்தாம் நாள் மகள் மறுபடியும் சொறிய ஆரம்பித்தாள். இந்த முறை ஆறு வாரம் காத்திருக்கவில்லை. ஒரு தடவை ஒவ்வாமை பழகிய உடம்புக்கு மறுபடி பூச்சி ஏறினால் ஒன்றிரண்டு நாளிலேயே அரிக்கத் தொடங்கிவிடும். அதற்கு மறுநாள் ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. என் விரல்கள் என் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்தன. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். கோடு.

மருத்துவர் கோபப்படவில்லை. 'நீங்க பூசினீங்களா?' என்றார். நான் பதில் சொல்லவில்லை. 'எத்தனை திரைச்சீலை துவைச்சீங்க?' என்று கேட்டார். வருகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள் போலும்.

அன்று தூக்கம் வராமல் இந்தப் பூச்சியின் வரலாற்றைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். 1687-இல் இத்தாலியைச் சேர்ந்த ஜியோவான் கோசிமோ பொனோமோ என்ற மருத்துவர், தியாசிந்தோ செஸ்டோனி என்ற மருந்தாளருடன் சேர்ந்து, சிரங்குக்காரரின் தோலிலிருந்து பூச்சியை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்து, படம் வரைந்து, பிரான்செஸ்கோ ரெடி என்ற அறிஞருக்குக் கடிதமாக எழுதிவிட்டார். கண்ணுக்கு எளிதில் தெரியாத ஓர் உயிர் மனித நோய்க்குக் காரணம் என்று காட்டிய மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. ஆனால் மருத்துவ உலகம் அதை நெடுங்காலம் ஏற்கவில்லை. ரத்தம் கெட்டுப்போவதால் சிரங்கு வருகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 1834-இல் பாரிஸில் ரெனூச்சி என்ற கார்சிகா தீவு மாணவர் எல்லார் முன்னிலையிலும் ஊசி நுனியால் பூச்சியை எடுத்துக் காட்டினார். அந்த வித்தையை அவர் கற்றது பேராசிரியர்களிடம் இல்லை. ஊரில் ஏழைப் பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அப்படி எடுப்பதைப் பார்த்துத்தான். இடம் எங்கே என்பதுதான் ரகசியம். கொப்புளத்துக்குள் தேடினால் கிடைக்காது, கோட்டின் நுனியில் தேட வேண்டும்.

எனக்குச் சூடு வைத்தது அதற்கடுத்த கதை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கென்னத் மெல்லன்பி என்பவர், போருக்குப் போக மறுத்த தன்னார்வலர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். சிரங்கு உள்ளவர்கள் பயன்படுத்திய போர்வைகளில் அவர்களைப் படுக்க வைத்தார். கணக்கில்லாத போர்வைகளைக் கொதிநீரிலும் வெப்பத்திலும் போட்டெடுப்பதுதான் அப்போதைய வழக்கம். ஆனால் போர்வை மூலம் மிகச் சிலருக்கே தொற்றியது. சிரங்கு உள்ளவரோடு ஒரே படுக்கையில் படுத்தவர்களுக்கு எளிதாகத் தொற்றியது. துணியைவிட ஆளைக் கவனி என்பதை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் நிரூபித்திருக்கிறார். நான் மழைக்கோட்டைத் துவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, ஆளைக் கவனிப்பது என்றால் எத்தனை ஆள்? அங்கேதான் சிக்கல். மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்து, கடந்த ஆறேழு வாரத்தில் யாரோடெல்லாம் ஒரே படுக்கையில் படுத்தோம், யாரெல்லாம் பிள்ளையை நெடுநேரம் தூக்கி வைத்திருந்தார்கள் என்று எழுதச் சொன்னார். கைகுலுக்கியவர்கள் வேண்டாம், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்கள் வேண்டாம். இந்தப் பூச்சிக்குப் பறக்கத் தெரியாது, குதிக்கத் தெரியாது, மெதுவாக ஊரத்தான் தெரியும். தோலோடு தோல் ஒரு பத்துப் பதினைந்து நிமிடமாவது சேர்ந்திருக்க வேண்டும். ஒன்றாகத் தூங்குவது, பிள்ளையைத் தூக்குவது, கணவன் மனைவி உறவு. இதெல்லாம் அன்பு இருக்கும் இடத்தில்தான் நடக்கும். அதனால்தான் இது குடும்பம் குடும்பமாகப் போகிறது.

எழுத எழுதப் பின்னோக்கிப் போய், விடுமுறைக்கு வந்த அக்கா மகனிடம் நின்றேன். விடுதியில் தங்கிப் படிக்கிறான். பத்து நாள் எங்களோடு இருந்தான். மகள் அவன் பக்கத்தில்தான் படுப்பேன் என்று அடம்பிடித்துப் படுத்தாள். அவன் போய்ச் சரியாக ஐந்து வாரம் கழித்துத்தான் அவளுக்கு அரிக்கத் தொடங்கியது.

அக்காவுக்குப் போன் செய்ய மூன்று நாள் ஆனது. என்ன வார்த்தையில் தொடங்குவது? 'அக்கா, ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதே' என்று தொடங்கினேன். அதுவே தப்பு. அப்படித் தொடங்கினாலே எதிரில் இருப்பவர் கோபத்துக்குத் தயாராகிவிடுகிறார்.

'என் பிள்ளை சுத்தமாத்தான் இருக்கான். உன் வீட்லதான் ஏதோ இருக்கு' என்று வைத்துவிட்டாள்.

அந்தக் கோபத்தை நான் புரிந்துகொண்டேன். மூன்று மாதமாக நானும் அதே கோபத்தில்தான் இருந்தேன், வெளியே காட்டவில்லை, அவ்வளவே. நன்றாகத் தேய்த்துக் குளிப்பதால் இந்தப் பூச்சி போகாது. குளிக்காததால் வருவதும் இல்லை. நெருக்கமாக வாழும் இடங்களில் வேகமாகப் பரவுகிறது என்பதால் ஏழைகளை அதிகம் வாட்டுகிறது. உலகில் எந்த நேரத்திலும் 20 கோடிப் பேருக்கு மேல் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2017-இல்தான் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள். இத்தனை பேருக்கு இருந்தும் யாரும் வாய் திறப்பதில்லை.

அடுத்த போன்கள் கொஞ்சம் தேறின. மனைவியின் தங்கைக்குப் பேசும்போது தொடக்கத்திலேயே, 'எங்க வீட்ல எல்லாருக்கும் சிரங்கு வந்திருக்கு, எனக்கும்தான். நீ பிள்ளையைத் தூக்கி வெச்சிருந்தே, அதனால் டாக்டரைப் பார்த்துடு' என்று சொன்னேன். 'எனக்கும்தான்' என்ற சொல்லைப் போட்டதும் பேச்சே மாறிவிடுகிறது. அவள் அப்போது கர்ப்பமாக இருந்தாள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தாங்களாக மாத்திரை எதுவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கும் எது ஏற்றது என்று பார்த்து மருத்துவர் தருவார். கந்தகம் கலந்த களிம்பு இன்றும் அதற்குப் பயன்படுகிறது. பள்ளியில் ஆசிரியையிடமும் தனியாகச் சொன்னேன். முதல் சிகிச்சை முடிந்த மறுநாள் பள்ளிக்கு வரலாம் என்று மருத்துவர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டு, 'இன்னும் ரெண்டு பிள்ளைங்க சொறியறதைப் பார்த்தேன்' என்றார்.

இரண்டாவது முறை பூசிய ராத்திரியைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் எல்லாருக்கும் நகம் வெட்டினோம், ஒட்ட. சொறியும்போது பூச்சியும் முட்டையும் நகத்தடியில் ஏறிக்கொள்ளும். குளித்து உடனே பூசக் கூடாது. உடம்பு காய்ந்து, குளிர்ந்திருக்க வேண்டும். பிறகு கழுத்திலிருந்து கால் விரல் வரை, அரிக்கும் இடம் அரிக்காத இடம் என்ற பேதமே இல்லாமல். புண் இருக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைத்தாற்போல் பூசினால் அது வீண் வேலை. விரலிடுக்கு, கால் விரலிடுக்கு, மணிக்கட்டு, முழங்கை, அக்குள், தொப்புள், மார்பின் அடிப்புறம், பிறப்புறுப்பு, பிட்டத்தின் இடுக்கு, உள்ளங்கால், நகத்தடி. நகத்தடிக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை வைத்துத் தடவிவிட்டு அதைத் தூக்கி எறிந்தோம். பெரியவர் ஒருவருக்கு ஏறக்குறைய 30 கிராம் வேண்டும். ஒரு ட்யூபை நாலு பேர் பங்கு போட்டால் யாருக்கும் பயனில்லை.

சின்னவனுக்குத் தலையிலும் முகத்திலும்கூடப் பூசச் சொன்னார்கள், கண்ணையும் வாயையும் மட்டும் விட்டு. குழந்தைகளுக்கு அங்கேயும் பூச்சி ஏறும். கையை வாயில் வைப்பான் என்பதால் கைகளுக்குத் துணி உறை போட்டோம். அத்தைக்கும் வயதை உத்தேசித்துத் தலையையும் சேர்த்துப் பூச வேண்டும் என்றார் மருத்துவர். அத்தை இந்த முறை மறுக்கவில்லை. ஏன் முதலில் மறுத்தார் என்பது அன்றுதான் தெரிந்தது. 'முதுகுக்குக் கை எட்டாது. யாருகிட்டப் போய்க் கேக்கறது?' என்றார். மனைவி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். ஒரு மணி நேரம் கழித்து இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பூசிவிட ஆள் வேண்டும்.

க்ரீம் உடம்பில் 8 முதல் 14 மணி நேரம் இருக்க வேண்டும். அதனால்தான் ராத்திரி. நடுவில் கை கழுவினால் கையில் திரும்பப் பூச வேண்டும். முதல் தடவை மனைவி பூசிக்கொண்டு ராத்திரியில் இரண்டு முறை பிள்ளையைக் கழுவிவிட்டிருக்கிறாள், கையில் மருந்தே இருந்திருக்காது. பூச்சிக்குப் பிடித்த இடமே கைதான். இந்த முறை ட்யூப் குளியலறை வாசலிலேயே இருந்தது.

காலையில் குளித்து, துவைத்த உடை போட்டு, விரிப்பை மாற்றினோம். துணி விஷயத்தில் இந்த முறை அடக்கமாக நடந்துகொண்டேன். கடைசி மூன்று நாளில் உடம்பில் பட்ட உடை, துண்டு, விரிப்பு மட்டும் 60 டிகிரி சூட்டு நீரில். துவைக்க முடியாதவற்றைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி வைத்தேன். மனிதத் தோலைவிட்டு வந்த பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. நாங்கள் ஒரு வாரம் விட்டோம். மகளின் பொம்மைக் கரடி பைக்குள்ளிருந்து ஒரு வாரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சரியாக ஏழாம் நாள் மறுபடியும் அதே சடங்கு. முதலில் சொன்ன கணக்கு இங்கேதான் வருகிறது. முட்டைகள் தப்பினாலும் தப்பும். பொரிந்து வந்த குஞ்சு வளர்ந்து முட்டையிடும் முன் பிடித்துவிட வேண்டும். அரிப்பு குறைந்துவிட்டதே, இன்னொரு தரம் எதற்கு என்று தோன்றும். தோன்றட்டும். எனக்கும் மனைவிக்கும் பூசுவதோடு ஐவர்மெக்டின் மாத்திரையும் தந்தார், உடல் எடையைப் பார்த்து அளவு கணக்கிட்டு, இரண்டு தவணையாக. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைத் தருவதில்லை. இந்த மருந்தின் மூலத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் 2015-இல் சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் நோபல் கிடைத்தது. கடையில் கேட்டு வாங்கி நாமாகப் போடும் மாத்திரை இல்லை அது.

அதோடு அரிப்பு நின்றதா? இல்லை. இதை யாராவது எனக்கு முன்பே அழுத்திச் சொல்லியிருக்கலாம். எல்லாம் சரியாகச் செய்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரித்தது. செத்த பூச்சியும் முட்டை ஓடுகளும் கழிவும் தோல் உதிரும் வரை உள்ளேதான் இருக்கும், ஒவ்வாமையும் இருக்கும். நான் பயந்துபோய் மூன்றாவது முறை, நாலாவது முறை என்று பூசிக்கொண்டே போனேன். தோல் வறண்டு, எரிந்து, அந்த எரிச்சலே புதிய அரிப்பாக மாறியது. 'பூச்சி செத்துப்போச்சு, இப்போ நீங்க உங்க தோலைக் கொல்றீங்க' என்றார் மருத்துவர். வறட்சிக்கு ஒரு க்ரீம், ராத்திரிக்கு அரிப்பு மாத்திரை, அவ்வளவுதான் தந்தார். நாலு வாரம் தாண்டியும் புதுக் கொப்புளமோ புதுக் கோடோ வந்தால் மட்டும் திரும்ப வரச் சொன்னார். மகனின் அக்குளில் மட்டும் பயறு அளவு முடிச்சுகள் சில மாதங்கள் இருந்தன. அதுவும் மிச்ச ஒவ்வாமைதான், உயிருள்ள பூச்சி இல்லை என்றார்.

ஒன்றில் மட்டும் தாமதிக்கக் கூடாது. மகளுக்கு மணிக்கட்டில் சொறிந்த இடம் சீழ் வைத்து, மஞ்சள் பொருக்குக் கட்டியது. சொறிந்த புண்ணில் பாக்டீரியா ஏறிவிட்டால் அது தனி நோய், அதற்குத் தனி மருந்து. சில வகை பாக்டீரியா சில வாரம் கழித்துச் சிறுநீரகத்தைத் தாக்கும். முகம் வீங்கினால், சிறுநீர் டீ நிறத்தில் போனால் அன்றே ஓட வேண்டும் என்று எச்சரித்தார்கள். எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் சிரங்குதானே என்று அலட்சியமாகப் பேசுபவர்களைப் பார்த்தால் இப்போது எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்று, படுத்த படுக்கையாக இருப்பவர்கள், நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால் கவனியுங்கள். அவர்களுக்குச் சிரங்கு வந்தால் தோலில் தடித்த செதில் படியலாம், அரிப்பே இல்லாமலும் போகலாம். பத்துப் பதினைந்து என்ற கணக்கு அங்கே செல்லாது. ஆயிரம், லட்சம் என்று இருக்கும். அந்த வகையில் உதிரும் செதிலிலிருந்தும் துணியிலிருந்தும்கூடத் தொற்றும். அவர்களுக்குப் பூசுமருந்து மட்டும் போதாது, மருத்துவமனைதான்.

அக்கா பத்து நாள் கழித்துத் தானே கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது. பையனைக் கேட்டிருக்கிறாள், அவன் முதலில் இல்லவே இல்லை என்றிருக்கிறான். பிறகு போனை அவனிடம் கொடுத்தாள்.

'மாமா, ரூம்ல நாலு பேருக்கும் இருக்கு. நாலு மாசமா.'

'ஏண்டா சொல்லலை?'

'ஒருத்தன் சொன்னா அவன்கிட்டேர்ந்துதான் வந்துச்சுன்னு ஆயிடும்ல. அதான் யாரும் சொல்லலை. ஆளுக்கு ஒரு நாள் தனித்தனியா எதையோ பூசிக்கிட்டோம்.'

நான் திட்டவில்லை. எந்த வாயால் திட்டுவது? நாலு பேரும் சேர்ந்து மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். ஒரு தேதி குறித்து நாலு பேரும் ஒரே ராத்திரி, அடுத்து ஏழு நாள் கழித்து இன்னொரு ராத்திரி. முதுகுக்கு ஒருத்தருக்கு ஒருத்தர் பூசிவிட வேண்டும் என்றும் சொன்னேன். அதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் பேச்சில்லை, பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது.

அடுத்த விடுமுறைக்கு வந்தான். பையை இறக்கி வைக்கும் முன்பே இரண்டு கையையும் விரித்து நீட்டினான். மகள் டார்ச்சை எடுத்து வந்து விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பெரிய மருத்துவர் மாதிரி பார்த்தாள். எட்டு இடுக்கும் முடிந்ததும் தலையாட்டினாள். பிறகு டார்ச்சை என் பக்கம் திருப்பி, 'அப்பா, நீயும் காட்டு' என்றாள்.